வான் ஹேலனை மாற்றியது பாடகரா, பட்டறையா?

வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே முதல் பாடகர் டேவிட் லீ ராத்தா, அவருக்குப் பின் வந்த சாமி ஹேகரா என்ற பழைய வழக்கில் வந்து நிற்கும். ராத் கட்சிக்காரர்கள் 1985-இல் அவர் போனதோடு கதை முடிந்தது என்பார்கள். ஹேகர் பாடிய நான்கு ஸ்டுடியோ ஆல்பங்களும் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன என்று எதிர்க்கட்சி கணக்குக் காட்டும். ராத் காலத்து ஆல்பம் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் போகவில்லை என்பது உண்மைதான். 'ஜம்ப்' இருக்கும் '1984' ஆல்பமே இரண்டாம் இடத்தோடு நின்றது. இரண்டு கட்சிகளும் எதில் சண்டை போட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: குழுவின் வரலாற்றை இரண்டாகக் கிழிக்கும் கோட்டை இருவருமே 1985-இல்தான் போடுகிறார்கள். அந்தக் கோடு இரண்டு வருடம் தள்ளி விழுந்திருக்கிறது என்பது என் கட்சி. 1983-இல் குழுவின் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் தன் வீட்டு வளாகத்திலேயே ஒரு ஸ்டுடியோ கட்டினார். குழு மாறியது அங்கேதான். பாடகர் மாறியது அதன் பின்விளைவுகளில் ஒன்று.

மொத்தம் 12 ஸ்டுடியோ ஆல்பங்கள். முதல் ஆறு 1978 பிப்ரவரிக்கும் 1984 ஜனவரிக்கும் நடுவே, ஆறு வருடத்துக்குள் வந்துவிட்டன. அடுத்த ஆறு 1986, 1988, 1991, 1995, 1998, 2012. முதல் பாதிக்கு ஆறு வருடம் கூட ஆகவில்லை, இரண்டாம் பாதிக்கு 26 வருடம். பாடகர் மாறியதுதான் காரணம் என்றால், ஒரே பாடகர் இருந்த 1986 முதல் 1995 வரை இடைவெளி இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போனது ஏன்? வயது, பணம், குடி, நோய் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எடி எப்படி வேலை செய்பவர் என்று பார்த்தால், கடிகாரம் இல்லாத ஒரு அறையை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் அவருடைய கிட்டாரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

130 டாலர் கிட்டார்

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த அண்ணன் தம்பி, 1962-இல் கலிபோர்னியாவின் பசடினாவுக்கு வந்த குடும்பம், வாத்தியக்காரர் அப்பா, பியானோ வகுப்பு, எடி டிரம்ஸும் அண்ணன் அலெக்ஸ் கிட்டாருமாக ஆரம்பித்து மாற்றிக்கொண்டது எல்லாம் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. அடிக்கடி தப்பாகச் சொல்லப்படுவது கிட்டாரின் கதை. கிப்சன் கிட்டாரின் தடித்த ஒலியும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டின் ட்ரெமலோ கைப்பிடியும் (கம்பிகளைத் தளர்த்திச் சுதியை இறக்குவது) எடிக்கு ஒரே மரத்தில் வேண்டியிருந்தது. அப்படி ஒன்று கடையில் இல்லை. கழித்துப் போட்டிருந்த ஒரு ஸ்ட்ராட் வடிவ உடலை 50 டாலருக்கும், மேப்பிள் கழுத்து ஒன்றை 80 டாலருக்கும் வாங்கினார். தன்னிடம் இருந்த கிப்சன் இ.எஸ். 335-இலிருந்து ஒரு ஹம்பக்கர் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள்) பிடுங்கி, உடலில் குழி தோண்டி, கம்பிகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மரத்திலேயே திருகினார்.

அங்கே ஒரு சிக்கல் வரும். ஃபெண்டர் பிரிட்ஜில் ஓரக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் இருக்கும். கிப்சன் பிக்கப்பின் காந்த முனைகள் 50 மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கிவிடும். நேராக வைத்தால் ஓரக் கம்பிகள் முனைகளுக்கு வெளியே ஓடும், அந்தக் கம்பிகளின் சத்தம் குறையும். எடி பிக்கப்பைச் சாய்த்து வைத்தார். ஒரு சுருளின் கடைசி முனை தடித்த கம்பிக்குக் கீழேயும், மற்ற சுருளின் கடைசி முனை மெல்லிய கம்பிக்குக் கீழேயும் வந்துவிடும். படத்தில் பார்க்கிறவர்கள் அந்தச் சாய்வை அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் ஊளை. ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) முழுச் சத்தத்தில் வைத்துப் பக்கத்தில் நின்றால் பழைய ஹம்பக்கர் கீச்சென்று கத்தும். கம்பி அதிர்வதால் வரும் இனிமையான ஃபீட்பேக் வேறு, இது வேறு. பிக்கப்புக்குள் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பி தளர்வாக இருந்தால் அந்தச் சுற்றுகளே அதிர்ந்து, பிக்கப் மைக் மாதிரி வேலை செய்யும். சுற்றுகள் அசையாதபடி மெழுகில் ஊறவைப்பதுதான் மருந்து. எடி உருகிய பாரஃபின் மெழுகில் முக்கினார். இதை வீட்டில் செய்கிறவர்கள் கெடுத்துக்கொள்வது சூட்டில்தான். மெழுகை நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். சூடு ஏறினால் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, கம்பி அறுந்து, பிக்கப் செத்துவிடும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் மெழுகை உருக்கி, 65 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்தி, காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தால் போதும். எடியே சில பிக்கப்களைப் பாழாக்கிய பிறகுதான் ஒன்று தேறியது.

வயரிங்கில் அவர் செய்தது இன்னும் எளிது. பல பிக்கப்களையும் சுவிட்சையும் இணைக்கத் தெரியாததால், ஒரே பிக்கப்பை ஒரே வால்யூம் திருகுக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். அந்தத் திருகின் தலையில் 'டோன்' என்று எழுதியிருக்கும், ஏனென்றால் கையில் கிடைத்த மூடி அதுதான். பிற்பாடு எல்லாரும் நகலெடுக்க ஆரம்பித்தபோது, எந்த இணைப்பும் இல்லாத ஒரு பிக்கப்பையும் சுவிட்சையும் வெறுமனே மாட்டிவைத்துக் குழப்பினார். முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு மேலே சைக்கிளுக்கு அடிக்கும் சிவப்புச் சாயம்.

ட்ரெமலோ கைப்பிடியை அந்த அளவுக்கு அமுக்கியும் சுதி எப்படி நின்றது என்பது உண்மையான கைத்தொழில். அமுக்கி விட்டதும் கம்பி பிரிட்ஜை நோக்கித் திரும்ப ஓட வேண்டும். கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் பதிந்திருக்கும் நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் சுதி ஏறி நிற்கும். எனவே பித்தளை நட்டு, கொஞ்சம் அகலமான பள்ளம், அதில் ஒரு சொட்டு எண்ணெய், கம்பியை முறுக்காணியில் அதிகம் சுற்றாமல் விடுவது. நட்டிலேயே கம்பியைப் பூட்டிவிடும் ஃப்ளாய்ட் ரோஸ் அமைப்பு அவர் கைக்கு வந்தது பிறகுதான். முதல் ஆல்பத்தில் கேட்கும் அத்தனை பாய்ச்சலும் பூட்டில்லாத சாதாரண ஸ்ட்ராட் ட்ரெமலோவில் வாசித்தது.

வோல்டேஜ் புரளி

ஆம்ப் 100 வாட் மார்ஷல் சூப்பர் லீட், 1960-களின் கடைசியில் செய்தது. அதன் ஒலி நன்றாக இருப்பது எல்லாத் திருகுகளையும் 10-இல் வைத்தால்தான், அப்படி வைத்தால் சின்ன கிளப்பில் யாரும் நிற்க முடியாது. எடி பிற்காலத்தில் சொன்ன கதைப்படி, இங்கிலாந்து மின்சாரத்துக்கு அமைந்த ஒரு மார்ஷல் கையில் கிடைத்தது. அமெரிக்க பிளக்கில் செருகினால் சத்தம் மிகக் குறைவு, ஆனால் முழுதாகத் திருகிய ஆம்பின் குணம் அப்படியே இருந்தது. வீட்டு விளக்கின் டிம்மரில் மாட்டிப் பார்த்து வீட்டு மின்சாரத்தையே போக்கிவிட்டு, பிறகு வேரியாக் என்ற மாறு மின்மாற்றியை வாங்கினார். 120 வோல்டுக்குப் பதிலாக 90 பக்கம் வைத்து வாசித்தார்.

90-இல் நடப்பது இதுதான். வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ் அதே விகிதத்தில் இறங்குகிறது, சுத்தமான ஒலிக்கு இருக்கும் இடம் சுருங்குகிறது, பவர் வால்வுகள் சீக்கிரம் நிறைந்து கரகரக்கின்றன. சத்தமும் குறையும், தொடுகை மெத்தென்று ஆகும். ஒரு விலையும் உண்டு: 6.3 வோல்டில் சூடேற வேண்டிய வால்வு இழை 4.7 வோல்டில்தான் எரியும், பயாஸும் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) அதோடு நகர்ந்துவிடும். ஆகவே 90-இல் வைத்துத்தான் பயாஸைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மறந்துபோய் 120-இல் போட்டால் கணக்கு மாறிவிடும்.

1980 வாக்கில் ஒரு கிட்டார் பத்திரிகைப் பேட்டியில் அவர் இதைத் தலைகீழாகச் சொன்னார், வோல்டேஜை 140-க்கு ஏற்றுவதாக. வேண்டுமென்றே சொன்ன பொய். நம்பிச் செய்தவர்களின் ஆம்ப்கள் புகைந்தன. கெபாசிட்டர்கள் தாங்கும் எல்லையைத் தாண்டினால் முதலில் அவை போகும், அடுத்து வால்வு, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் இந்த ஒரு பேட்டியை மன்னிக்க முடியவில்லை.

எடிக்கு எந்தப் பொருளும் முடிந்த பொருள் இல்லை என்பதைத்தான் கிட்டாரும் ஆம்பும் காட்டுகின்றன. தோண்டுவார், ஒட்டுவார், பிடுங்குவார், மறுபடி ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவரிடம் வேலையை முடித்து வாங்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்.

மூன்று வாரம்

அந்த ஆள் டெட் டெம்பிள்மேன். வார்னர் ரெகார்டு கம்பெனியின் தலைவர் மோ ஆஸ்டினோடு 1977-இல் ஸ்டார்வுட் கிளப்பில் குழுவைப் பார்த்து ஒப்பந்தம் போட வைத்த தயாரிப்பாளர். ஒலிப்பதிவாளர் டான் லாண்டி. பசடினா பின்கட்டு விருந்துகளிலும் ஹாலிவுட் கிளப்களிலும் வருடக்கணக்காக வாசித்துத் தேய்ந்திருந்த பாடல்களை முதலில் டெமோவாக வரிசையாக அடித்துத் தள்ளினார்கள். பிறகு சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் மூன்று வாரம் மாதிரியான நேரத்தில் முதல் ஆல்பம் முடிந்தது. கிட்டாருக்கு மேல் கிட்டார் அடுக்கவில்லை. எடியின் கிட்டார் இடது பக்கம், அதன் எதிரொலி மட்டும் வலது பக்கம். ஹெட்ஃபோனில் ஒரு காதை மூடினால் தெரியும். 'ரன்னிங் வித் த டெவில்' ஆரம்பத்தில் கேட்கும் அந்த வினோத ஓலம், அவர்களுடைய கார் ஹாரன்களைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்து, பேட்டரியில் ஒலிக்கவிட்டு, டேப்பின் வேகத்தைக் குறைத்தது.

'இரப்ஷன்' என்ற தனி கிட்டார் வாசிப்பு பட்டியலிலேயே இல்லை. எடி ஒரு கச்சேரிக்காகக் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததைப் பதிவு செய்யச் சொன்னார்கள். 1 நிமிடம் 42 விநாடி. மேலே ஒரு இடத்தில் தப்பு இருக்கிறது, இன்னும் நன்றாக வாசித்திருப்பேன் என்று எடி வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஸ்டுடியோ இருந்திருந்தால் நிச்சயம் மறுபடி வாசித்திருப்பார். நமக்குக் கிடைத்திருக்கும், தப்பில்லாத வேறொன்று. ஆல்பம் மொத்தம் 35 நிமிடம் சொச்சம், அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போனது.

வேகத்தின் உச்சமும் விரிசலும் 1982-இல் ஒன்றாக வந்தன. ஓய்வெடுக்கலாம் என்று 'ப்ரிட்டி வுமன்' என்ற பழைய பாட்டை மட்டும் வெளியிட்டார்கள். அது ஹிட்டானதும் ஆல்பம் எங்கே என்று வார்னர் கேட்டது. இரண்டு வாரம்கூட ஆகாமல் 'டைவர் டவுன்' தயாரானது. 12 தடங்களில் ஐந்து பிறர் பாடல்கள். அவற்றில் ஒன்றில் அப்பா யான் கிளாரினெட் வாசித்தார், அது அழகு. இன்னொன்று 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்'. சொந்தப் பாட்டுக்காக சிந்தசைஸரில் எடி உருவாக்கி வைத்திருந்த சுழலை எடுத்து அந்தப் பழைய பாட்டுக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அடுத்தவர் பாட்டில் ஜெயிப்பதைவிடச் சொந்தப் பாட்டில் தோற்கலாம் என்று அவர் பின்னால் புலம்பியது இதை நினைத்துத்தான். எடி வீட்டில் கட்டிய ஸ்டுடியோவுக்கு, அதாவது 5150-க்கு, அஸ்திவாரம் போட்டது இந்தக் கோபம்.

(இந்த இடத்தில், பழுப்பு நிற எம் அண்ட் எம் மிட்டாய் வைக்கவே கூடாது என்று கச்சேரி ஒப்பந்தத்தில் எழுதிய கதையைத் தொடாமல் போனால் விட மாட்டீர்கள். ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பக்கங்களுக்கு நடுவே அந்த வரியை ஒளித்து வைத்து, அமைப்பாளர்கள் படித்தார்களா என்று சோதித்ததாக ராத் சொன்னார். மேடை எடையைக் கவனிக்காமல் கொலராடோவின் புவெப்லோவில் உடற்பயிற்சிக் கூடத் தரை அமிழ்ந்தது என்பதும் அவர் சொன்னதுதான். வெளியில் வந்த 1982 ஒப்பந்தத்தில் அந்த வரி உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பக்கத்தில், தின்பண்டப் பட்டியலில்தான் இருக்கிறது. கதை நல்ல கதை, சொன்னவரும் நல்ல கதைசொல்லி.)

5150

1983 மே மாதம் அஸ் என்ற இசைத் திருவிழாவில் ஒரே மேடைக்கு 15 லட்சம் டாலர் வாங்கிய குழு அது. எடி பணத்துக்குப் பஞ்சமில்லாமல் லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட்வாட்டர் கேன்யன் வீட்டில் ஸ்டுடியோ கட்டினார். குடியிருப்புப் பகுதியில் அதற்கு அனுமதி கிடைக்காது என்பதால், நகராட்சிக்கு ராக்கெட்பால் ஆடுகளம் என்று கணக்குக் காட்டினார். லாண்டி கூட இருந்தார். பெயரும் அவர் வைத்தது: மனநிலை பிறழ்ந்தவரைக் கட்டாயமாகப் பிடித்து வைக்கக் கலிபோர்னியா சட்டம் இடம் தரும் பிரிவின் எண்.

முதல் பலன் பிரமாதம். முன்பு ராத்தும் டெம்பிள்மேனும் ஆர்வம் காட்டாமல் கிடப்பில் போட்டிருந்த ஓபர்ஹைம் சிந்தசைஸர் மெட்டை எடியும் லாண்டியும் இரவில் பதிவு செய்து வைத்தார்கள். அதுதான் 'ஜம்ப்'. ஐந்து வாரம் முதலிடம். எடி சொன்னது சரி, மற்றவர்கள் தப்பு என்று உலகமே தீர்ப்பளித்துவிட்டது. அதுதான் வினை. அன்று முதல் அந்த வீட்டில் 'போதும்' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாமல் போனது. டெம்பிள்மேன் விலகினார். மூன்று வாரத்தில் ஆல்பம் முடித்துப் பழகிய ராத், மாதக்கணக்கில் இழுத்த வேலையில் பொறுமை இழந்தார். தனி ரெகார்டு, சினிமா ஆசை என்று அவர் பக்கத்துத் தப்புகளும் நிறைய. ஆனால் எடி பிடிவாதத்துக்கு எதிர் எடையாக இருந்த இரண்டு பேரும் ஒரே வருடத்துக்குள் வெளியே போனதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

1986-இன் '5150' ஆல்பம் என் வாதத்துக்கு எதிராக நிற்பதுபோல் தெரியும். அதே அறை, நல்ல ஆல்பம், முதலிடம். கவனித்தால் அங்கே கடிகாரம் இருந்தது. புதுப் பாடகரோடு தங்களை நிரூபிக்க வேண்டிய அவசரம், மூன்று நான்கு மாத வேலை, ஃபாரினர் குழுவின் மிக் ஜோன்ஸ் என்ற வெளியாள் தயாரிப்பில் பங்கு. அடுத்த 'ஓயூ812'-இல் வெளியாள் கிடையாது. குழுவின் பேஸ் கிட்டார்காரர் மைக்கேல் ஆன்டனியின் பேஸ் எங்கே என்று தேட வேண்டிய அளவுக்கு அது மிக்ஸில் தொலைந்துபோனது. யாராவது ஒருவர் ஸ்டுடியோவுக்கு வெளியே காரில் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1991 ஆல்பத்தின் பதிவு தயாரிப்பாளர் ஆன்டி ஜான்ஸோடு ஒரு வருடம் ஓடியது. குரல் பதிவை முடிக்க வேறு வழியில்லாமல் பழைய டெம்பிள்மேனையே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துத் தொகுப்பில் காதுக்கு இதமாக ஒலிப்பது இதுதான் என்பது என் அபிப்பிராயம், டிரம்ஸுக்காகவே கேட்கலாம்.

ஹேகர் 1996-இல் போனார். பாடகராக கேரி செரோன் வந்தார். 1998-இன் 'வான் ஹேலன் 3' 65 நிமிடம், முதல் ஆல்பத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலான பாடல்களில் பேஸும் எடிதான். ஆன்டனி மூன்றில் மட்டும். ஒரு பாட்டை எடியே பாடியும் இருக்கிறார். பழியெல்லாம் செரோன் மேல் விழுந்தது அநியாயம். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். ஆல்பத்தில் இல்லாதது கத்தரிக்கோல் வைத்திருக்கும் ஒரு ஆள். பாதி பாடல்களில் அறிமுக வாசிப்பு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு அருமையான 40 விநாடி இருக்கும், அதைக் கண்டுபிடிக்க நாம்தான் தோண்ட வேண்டும்.

பிறகு 14 வருட மௌனம். இடுப்பு மாற்று அறுவை, நாக்கில் புற்றுநோய், ஹேகரோடு 2004-இல் ஒரு சுற்றுப்பயணம், 2007-இல் ராத்தோடும், ஆன்டனி இடத்தில் பேஸ் வாசித்த 16 வயது மகன் வுல்ஃப்கேங்கோடும் ஒன்று. 2012-இல் 'எ டிஃபரன்ட் கைண்ட் ஆஃப் ட்ரூத்' வந்தபோது அது இவ்வளவு துடிப்பாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தயாரிப்பாளர் வெளியாள், ஜான் ஷாங்க்ஸ். பதிவு 5150-இல் மட்டும் நடக்கவில்லை, ஹாலிவுட்டின் ஹென்சன் ஸ்டுடியோவிலும் நடந்தது. பாடல்களில் பல 1970-களின் டெமோக்களிலிருந்து எடுத்தவை. பழைய சரக்கு என்று அப்போது கேலி செய்தார்கள். கிப்சன் பிக்கப்பை ஸ்ட்ராட் உடலில் திருகியவருக்கு அது ஒன்றும் இழுக்கில்லை. ஆன்டனியின் உச்சக் குரல் இல்லாததுதான் நிஜமான குறை, கோரஸ் வரும் இடமெல்லாம் அந்த மேல் சுரம் காலியாக இருப்பது தெரிகிறது.

சந்தேகம் இருக்கிறவர்கள் 'ஷீஸ் த வுமன்' பாட்டின் 1976 டெமோவையும் 2012 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வேகம், பேஸின் ஆரம்பம், ராத்தின் கிண்டல் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், நடுப்பகுதி மட்டும் வேறு. டெமோவில் இருந்த நடுப்பகுதியை 1981-இல் 'மீன் ஸ்ட்ரீட்' பாட்டுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 30 வருடம் கழித்து அந்த ஓட்டைக்குப் புதிதாக ஒன்று செய்து பொருத்த வேண்டியிருந்தது.